அளவு நோட்டில் எனக்கும் ஒரு பக்கம்

மார்பகப் புற்றுநோய்க்காக வலது மார்போடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது சொன்னது ஒன்றே ஒன்றுதான், "அந்தக் கையில பாரம் தூக்காதீங்க." பயத்தில் நான் கையையே தூக்காமல் மூன்று மாதம் விலாவோடு ஒட்டி வைத்திருந்தேன், தோள் இறுகிவிட்டது. அப்புறம் கீமோவில் பாக்லிடாக்சல் என்கிற மருந்து ஏற ஏற விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், ஊசி கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். நான் ப்ளவுஸ் தைத்துப் பிழைப்பவள்.

ரேடியேஷன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காதான் ஆக்குபேஷனல் தெரபிக்குப் போகச் சொன்னார். ஆக்குபேஷன் என்றதும் ஏதோ வேலை வாங்கித் தருகிற இடம் போல என்று நினைத்துத்தான் போனேன், சிரிக்காதீர்கள். அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குகிற சிகிச்சையாம் அது.

அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன செய்வீங்கம்மா, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். டிகாக்ஷன் போடுவதில் ஆரம்பித்து, துணி வெட்டுவது, மெஷின், ஹெம்மிங், கொக்கி வைப்பது என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

டேப் வைத்து இரண்டு கையையும் அளந்தாள். வலது கை முழங்கைக்கு மேலே 2.5 செ.மீ. அதிகம். எனக்குச் சதை போட்டது போலத்தான் தெரிந்தது, ஆனால் முடிச்சுகளை எடுத்த பக்கம் நிணநீர் வடிய வழி குறைந்து கையிலேயே தங்குகிறதாம். அழுத்தமான ஸ்லீவ் ஒன்றை அளவெடுத்து வாங்கி, பகலில் போட்டுக்கொண்டு ராத்திரி கழற்றிவிட வேண்டும். வெயில் காலத்தில் அது ஒரு தண்டனை, பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கையில் சின்ன ஊசிக் குத்துப் பட்டாலும் கிருமி புகுந்து வீக்கம் கூடலாம், சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். முப்பது வருஷம் தொடாத திம்பிளை, அதான் தைக்கும்போது விரலில் மாட்டுகிற தொப்பியை, அப்போதுதான் மாட்டினேன்.

விரலுக்குத்தான் வேடிக்கையான பயிற்சி. ஒரு டப்பா அரிசியில் பித்தான், கொக்கி, நூல்கண்டு எல்லாவற்றையும் புதைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டதை எடுக்க வேண்டும். முதல் நாள் கொக்கி என்று நான் எடுத்துக் கொடுத்தது ஒரு நெல்.

களைப்புக்கு அவள் சொன்னதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது. சோர்ந்த பிறகு படுக்காதீர்கள், சோர்வதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள் என்றாள், கூடவே தினம் கொஞ்சம் நடக்கவும் சொன்னாள். கஸ்டமர் வாசலில் நிற்கும்போது எப்படி நிறுத்துவது? ஒரு மாதம் முரண்டு பிடித்தேன். இப்போது தெம்பாக இருக்கும் காலையில் கட்டிங், 20 நிமிஷம் ஓய்வு, மத்தியானம் உட்கார்ந்து ஹெம்மிங். ஒரு நாளைக்கு 4 ப்ளவுஸ் தைத்தவள் 2 தைக்கிறேன். காஜாவை வெளியே கொடுத்துவிடுகிறேன்.

வாரம் ஒரு நாள் எல்லாருக்கும் சேர்த்து வகுப்பும் வைத்தார்கள். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னது சுமார்தான், ஆனால் பேரனை எந்தக் கையால் தூக்குவது என்று ஒரு அம்மா கேட்டதும் அரை மணி நேரம் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தோம்.

"வீட்டுல இன்ச் டேப் இருக்காம்மா?" என்று அவள் கேட்டபோதுதான் வாய்விட்டுச் சிரித்தேன். மாதம் பிறந்தால் கஸ்டமர் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையளவு ஏறும். போன மாதம் வித்தியாசம் 1.5 செ.மீ.