வாதாமரக் குடை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசல் வாதாமரம் மறுபடி துளிர்த்திருக்கிறது. போன மாதம் முழுக்க இலை செக்கச்செவேலென்று சிவந்து, தினமும் கொட்டிக்கொண்டே இருந்தது. இப்போது ஒவ்வொரு கிளை நுனியிலும் வெளிர்பச்சைக் கொத்து.

இந்த மரத்தின் அழகே அதுதான். இலைகள் கிளை நெடுக வருவதில்லை. நுனியில் மட்டும் வட்டமாக நெருங்கி நிற்கும். பெரிய இலை ஒரு சாண் நீளம் இருக்கும். காம்புப் பக்கம் குறுகி, நுனிப் பக்கம் அகன்றிருக்கும். கிளைகளும் தட்டுத் தட்டாகப் படுக்கையாக நீளும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் குடைமேல் குடை. சித்திரை வெயிலிலும் தரையில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத்தான் விழும்.

கடையில் விற்கும் பாதாம் வேறு மரம். இது நாட்டு வாதாம், கடற்கரை மரம். காயின் நார் லேசானது, தண்ணீரில் மிதந்தே கரை சேரும்.

வௌவால் ராத்திரி சப்பிப் போட்ட கொட்டைகளைக் காலையில் ஆச்சி பொறுக்கி வெயிலில் காயப்போடுவாள். "ஏலே, கல்ல மெதுவாப் போடு, பருப்பு நொறுங்கிரும்" என்பாள். உள்ளே சுருட்டி வைத்ததுபோல வெள்ளைப் பருப்பு, சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதற்கு அத்தனை பேரும் கை நீட்டுவோம்.

போன வருஷம் கம்பியில் உரசுகிறது என்று ஒரு பக்கக் கிளையை மொட்டையாக வெட்டிவிட்டுப் போனார்கள். ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை நான். அந்த வெட்டுக்குப் பக்கத்திலும் இன்று காலை ஒரு சின்னக் குடை விரிந்திருக்கிறது.