செலக்டர் ஏறும் சத்தம்

பி.எஸ்.என்.எல். தொடங்கியது 2000 அக்டோபர் 1. முந்தின நாள் வரை தொலைத்தொடர்புத் துறை ஊழியர், அன்றிலிருந்து நிறுவனத்தின் ஊழியர். ஆனால் எம்.டி.எஃப்.பில், அதாவது ஊரிலிருந்து வரும் போன் லைன்களை எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் சட்டத்தில், ஜம்பர் கம்பி இழுக்கும் வேலை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. என்னைக் கேட்டால் இந்த நிறுவனம் பிறந்தது அதற்கு வெகு முன்னால், கிராமத்து எக்ஸ்சேஞ்சுகளில்.

1984-இல் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது தபாலும் போனும் ஒரே துறை, அடுத்த வருடம்தான் பிரித்தார்கள். எங்களுடையது ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச், இயந்திரக் கைகள் நகர்ந்து இணைப்புக் கொடுக்கும் பழைய வகை. ஊரில் ஒருவர் போன் டயலில் 7-ஐச் சுழற்றினால் இங்கே செலக்டர் என்ற அந்தக் கை டக் டக் என்று ஏழு படி மேலே ஏறும், அடுத்த எண்ணுக்குப் பக்கவாட்டில் திரும்பும். காலை பத்து மணிக்கு மழை கொட்டுவது போல இருக்கும். எந்த ராக்கில் கோளாறு என்பதைச் சீனியர்கள் காதாலேயே கண்டுபிடிப்பார்கள், எனக்கு அது கைவர மூன்று வருடம் ஆனது.

அப்புறம் சி-டாட் வந்தது. 1984-இல் தொடங்கிய அந்த அரசு ஆய்வு மையம் வடிவமைத்த 128 போர்ட் (இணைப்பு முனை) கொண்ட மின்னணு கிராமத்து எக்ஸ்சேஞ்ச், 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலில் ஓடியது. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏசி அறை வேண்டும், இதற்கு வேண்டாம். நம் வெயிலையும் தூசியையும் மனதில் வைத்துச் செய்தது. பிற்பாடு நானே ஓட்டு வீட்டு வாடகை அறையில், வெறும் மின்விசிறிக் காற்றில் அதை நிறுத்தி, ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து தந்தி கொடுத்துக்கொண்டிருந்த ஊருக்கு டயல் டோன் கொடுத்திருக்கிறேன். எங்கள் துறை எடுத்த முடிவுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை என்பேன். ஒரே குறை, அந்த மெஷின் சத்தமே போடாது. காதுக்கு வேலை போய், விளக்குகளைப் பார்த்துக் கோளாறைத் தேடப் பழகினோம்.

2002-இல் செல்போன் சேவையும் தொடங்கி, சிம்முக்கு வரிசை நின்றது.

2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் 78 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் வெளியே வந்தோம். சாவியை ஒப்படைக்கும்போது இளம் பொறியாளர் ஒருவர், "சார், அந்தப் பழைய எக்ஸ்சேஞ்ச் எப்படித்தான் இருக்கும்?" என்று கேட்டார். மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். ஏழு தட்டு, சின்ன இடைவெளி, அப்புறம் மூன்று.