புது ஹார்ட் டிஸ்க்கில் டெபியன் 13: வேலைக் குறிப்புகள்

15 அக்டோபர் 2025, புதன்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நேற்றோடு முடிந்தது. 8 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைத் தொடப்போவதில்லை. பக்கத்தில் 1 டிபி, 3.5 அங்குல டிஸ்க் ஒன்றைப் பூட்டி அதில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளம். வேகம் வேண்டுமென்றால் எஸ்எஸ்டிதான் சரி, ஆனால் இங்கே கொள்ளளவுதான் தேவை.

திருகு விஷயத்தில் ஏமாறவேண்டாம். 2.5 அங்குல டிரைவின் எம்3 திருகு இதில் உள்ளே போகும், ஆனால் பிடிக்காது, லொடலொடவென்று ஆடும். 3.5 அங்குலத்துக்குச் சற்றே தடித்த 6-32 திருகு வேண்டும். நாலு மூலையிலும் போடவும். டிஸ்க் அதிர்ந்தால் படிப்பு எழுத்து இரண்டும் மந்தமாகும்.

டெபியன் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிறுவி, டிஸ்க் தன் நிலையைத் தானே எண்களாகக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையைப் பார்த்தோம். முதலில் பார்க்கவேண்டியது 9-ஆம் எண், அதாவது ஓடிய மணி நேரம். புதிதென்றால் பூஜ்யம், மிஞ்சினால் ஒன்றிரண்டு. நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரோ ஓட்டிய டிஸ்க். நிறுவும் முன்பே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். 5-உம் (மாற்றி ஒதுக்கிய பழுதான பகுதிகள்) 197-உம் (பழுதெனச் சந்தேகிக்கும் பகுதிகள்) பூஜ்யமாக இருக்கவேண்டும். இதில் எல்லாமே பூஜ்யம்.

16 அக்டோபர், வியாழன்

ஸ்மார்ட் நீள் சோதனை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது, பிழை இல்லை. பழுதான பகுதிகளைத் தேடும் பேட்பிளாக்ஸ் நிரலை எழுதும் முறையில் ஓட்டினால் நான்கு வடிவங்களை எழுதி, நான்கையும் திரும்பப் படிக்கும். முழு டிஸ்க்கையும் எட்டு முறை கடக்க வேண்டும் என்பதால் 1 டிபிக்கு ஏறக்குறைய 15 மணி நேரம் ஆகும். அதை விட்டுவிட்டு டிடி என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு டிஸ்க் முழுவதையும் ஒருமுறை படிக்க மட்டும் செய்தோம்.

அப்போதுதான் 199-ஆம் எண் ஏறியது: 0, 3, 9, 14. இது சிஆர்சி பிழை எண்ணிக்கை. தட்டில் குறை இல்லை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைகிறது என்று பொருள். பத்தில் ஒன்பது முறை காரணம் கேபிள்தான். பெட்டியில் கிடந்த பழைய சாட்டா கேபிளுக்கு உலோகக் கொக்கி இல்லை, முனை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கொக்கி உள்ள கேபிள் மாற்றி மறுபடி முழுதும் படித்ததில் 14-லேயே நின்றது. இந்த எண் ஒருபோதும் இறங்காது. மேலே ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

18 அக்டோபர், சனி

நிறுவல். தொடங்கும் முன் விண்டோஸ் டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றி வைத்தோம். சோம்பலில் இதை விட்டுவிட்டால், நிறுவும் மென்பொருள் (நிறுவி) பழைய டிஸ்க்கில் பூட் கோப்புகளுக்கென்று இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையே எடுத்துக்கொண்டு, பூட் மெனு காட்டும் கிரப்பை அங்கே போட்டுவிடும். பின்னாளில் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் புதியதும் பூட் ஆகாது.

டெபியனின் சிறிய நிறுவல் கோப்பான நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓவை இறக்கி, அது சிதையவில்லை என்று ஷா256 கூட்டுத்தொகையை ஒப்பிட்டு, டிடியால் பென் டிரைவில் எழுதவும். இலக்கு முழு பென் டிரைவ், இங்கே எஸ்டிபி; அதன் பார்ட்டிஷனான எஸ்டிபி1 அல்ல. பார்ட்டிஷனுக்குள் எழுதினால் பூட் ஆகாது.

பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியும். முன்னால் யூஈஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத்தான் எடுக்கவேண்டும். சந்தேகமிருந்தால் நிறுவியில் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அழுத்தி ஷெல்லுக்குப் போய் /சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ இருக்கிறதா என்று பார்க்கவும். இல்லையென்றால் லெகசி எனும் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது. வெளியே வந்து மறுபடி தொடங்கவும். டிஸ்க்கே தெரியவில்லையென்றால் பயாஸில் சாட்டா, ரெய்டு முறையில் இருக்கும். ஏஎச்சிஐ ஆக்கவும். விண்டோஸ் ரெய்டு முறையில் நிறுவப்பட்டிருந்தால், முன்னேற்பாடு இல்லாமல் மாற்றியதும் அது பூட் ஆக மறுக்கும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

பிரித்தது இப்படி: ஈஎஃப்ஐ 512 எம்பி, ரூட் 60 ஜிபி, ஸ்வாப் 8 ஜிபி, மீதி முழுதும் ஹோம். பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி.

ரூட் கடவுச்சொல் கேட்கும் இடத்தைக் காலியாக விட்டோம். அப்படி விட்டால்தான் முதல் பயனருக்குத் தானாகவே சூடோ (நிர்வாகி) உரிமை கிடைக்கும். அங்கே ஏதாவது தட்டிவிட்டு, பிறகு சூடோ வேலை செய்யவில்லை என்று தேடுபவர்கள் ஏராளம்.

வரைகலை நிறுவியில் தமிழும் உண்டு. இருந்தாலும் நிறுவலை ஆங்கிலத்தில் நடத்துவதே நல்லது. பிழைச் செய்தியை அப்படியே தேடலாம். தமிழைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

19 அக்டோபர், ஞாயிறு

விண்டோஸ் டிஸ்க்கைத் திரும்ப மாட்டினோம். புது டிஸ்க்கின் பெயர் நேற்று எஸ்டிஏ, இன்று எஸ்டிபி. எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பெயருக்குப் பதில் மாறாத அடையாள எண்ணான யூயூஐடி இருப்பதால் சிக்கல் இல்லை.

கிரப் மெனுவில் விண்டோஸைக் காணோம். கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் 'டிசேபிள் ஓஎஸ் புரோபர்' வரியின் முன்னால் உள்ள # குறியை நீக்கி, மதிப்பு ஃபால்ஸ் என்று இருப்பதை உறுதிசெய்து, அப்டேட்-கிரப் ஓட்டியதும் வந்தது. விண்டோஸ் லெகசி முறையில் நிறுவப்பட்டிருந்தால் இது உதவாது. பயாஸின் பூட் மெனுதான் வழி.

22 அக்டோபர், புதன்

தீபாவளிக்குப் பெட்டி மூடியே கிடந்தது. இன்று சில்லறை வேலைகள்.

விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. லினக்ஸ் போர்டு கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது நேரம்) எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. டைம்டேட்சிடிஎல்லில் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 கொடுத்தது சுருக்கு வழி. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் யூடிசி என்று சொல்லிவைப்பது இன்னும் சுத்தம்.

ஹோமில் நாற்பது ஜிபிக்கு மேல் காணோம். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை ஐந்து சதவீதத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகி) ஒதுக்கிவிடும். ரூட் பார்ட்டிஷனில் அது தேவை, ஹோமில் தேவையில்லை. டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்து ஒரு சதவீதமாக்கினோம்.

பெரிய ஜிப் ஒன்றைத் தற்காலிகக் கோப்புறையான /டெம்பில் விரித்தபோது இடமில்லை என்றது, டிஸ்க்கோ காலி. டெபியன் 13-இல் /டெம்ப் ரேமில் இருக்கிறது, பாதி ரேம்தான் உச்சவரம்பு. இங்கே 4 ஜிபி. வேண்டாமென்றால் டெம்ப்.மவுன்ட்டை மாஸ்க் செய்து (முடக்கி) மறுபடி பூட் செய்யவும். நாங்கள் ஹோமிலேயே விரித்துக்கொண்டோம்.

தமிழ் எழுத்துருவுக்கு ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல், தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என். உள்ளீட்டு மூலத்தில் தமிழ்99 சேர்த்து, வெளியேறி நுழைந்ததும் தட்டச்சு வந்தது.

199-ஆம் எண் இன்னும் 14.