மான் சீசனும் ஒடுக்கு விழுந்த பித்தளையும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் நவம்பர், அதாவது மான் வேட்டைக் காலம் வந்துவிட்டால் அலுவலகத்தில் பேச்சே மாறிவிடும். யாருக்கு மான் கிடைத்தது, யார் வெட்டிக் கொடுத்தார்கள், ஃப்ரீஸரில் இடம் இருக்கிறதா, இதேதான். ரெட் டீர் நகருக்குக் குடிவந்த புதிதில் நான் காபிக் கோப்பையோடு ஓரமாக நின்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பேச்சுக்குள் என்னை இழுத்துவிட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். உக்ரேனிய வம்சாவளி, விவசாயம் செய்து ஓய்ந்தவர். வெளியே மைனஸ் 25 என்றாலும் அவருடைய கராஜில் ஹீட்டர் ஓடும். மேசையில் அழுத்தும் பிரஸ், அதில் மாட்டும் டை எனும் எஃகு அச்சு, தராசு, சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் நிறைய.

கனடாவில் துப்பாக்கி வாங்க முதலில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் தேற வேண்டும். அப்புறம் பிஏஎல் எனப்படும் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவுமான உரிமம். முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. புதிதாக வந்தவரைத் தடுமாற வைப்பது வேறு: குறைந்தது மூன்று வருடமாக நம்மைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். கூடவே மனைவியின் கையெழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. “இங்க வந்தும் இதெல்லாம் தேவையாங்க?” என்று கேட்டுக்கொண்டேதான் என் மனைவி கையெழுத்துப் போட்டார். நியாயமான கேள்விதான். கராஜில் உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்ததே, அதுதான் என் பதில்.

சுட்டு முடித்த தோட்டாவில் மிஞ்சும் பித்தளைக் கூட்டை இங்கே பலர் எறிவதில்லை. அடியில் இருக்கும் பழைய பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) தட்டி எடுத்து, கூட்டை டைக்குள் செலுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். இந்த வேலையில் ஓயாத தொல்லை, கூட்டில் விழும் ஒடுக்கு.

பெரியவர் முதலில் கற்றுக்கொடுத்தது ஒடுக்கைப் பார்த்துக் காரணம் சொல்வது. வாய் ஓரத்தில் நசுங்கியிருந்தால் அரைத் தானியங்கித் துப்பாக்கி வீசி எறிந்து எங்கோ மோதியது, அல்லது பூட்ஸ் மிதித்தது. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில், அதாவது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ளும் வகையில், போல்ட்டை நிதானமாகப் பின்னிழுத்தால் கூடு பக்கத்திலேயே விழும். அந்தக் காயமே இல்லை. வேலை முடிந்ததும் ஒரு பழைய துணியில் பொறுக்கி, அறை அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் போதும். மூட்டையாகக் கட்டிக் காரில் குலுக்கிக் கொண்டுவருகிறவர்கள்தான் வாய் நசுங்கிய கூடுகளோடு வருவார்கள்.

தோளில் விழும் ஒடுக்கு வேறு கதை. கழுத்துக்குக் கீழே கூடு சரியும் இடத்தில், நகத்தால் அழுத்தியதுபோல் வழவழப்பான பள்ளம். அது மேசையிலேயே விழுவது, காரணம் மெழுகு. டைக்குள் கூடு சிக்காமல் இருக்க வெளியே மெழுகு தடவ வேண்டும். ஆனால் தோளில் அதிகமாக அப்பினால் அது போக வழியில்லாமல் டைக்கும் கூட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பித்தளையை உள்ளே தள்ளிவிடும். விரல் நுனியில் படும் அளவு எடுத்து உடம்பில் மட்டும் உருட்டித் தேய்ப்பார் பெரியவர். தோளைத் துணியால் துடைத்துவிடுவார். பல டைகளில் பக்கவாட்டில் குண்டூசி நுழையும் அளவில் காற்றுத் துளை இருக்கும். அது பழைய மெழுகால் அடைத்திருந்தால் எவ்வளவு கவனமாகத் தடவினாலும் பள்ளம்தான்.

இனி ஒடுக்கை எடுப்பது. வாய் நசுங்கியதை அப்படியே டையில் விட்டால் பிரைமர் தட்டும் ஊசி அதில் இடித்து வளையலாம். முதலில் நுனி கூரான உருளைக் கம்பியையோ மூக்குக் குறட்டையோ உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றி, ஓரளவு வட்டமாக்க வேண்டும். மீதியை டைக்குள் இருக்கும் விரிப்பான் உருண்டை கழுத்து வழியாகப் போய்வரும்போது சரிசெய்துவிடும். பிசிறு இருந்தால் ஓரத்தைச் சீவிவிட்டால் சரி.

தோளிலும் உடம்பிலும் இருக்கும் ஒடுக்கை டை எடுக்காது. அது வெளியிலிருந்து உள்ளே அழுத்துகிற சாமான். குடத்தில் ஒடுக்கு எடுப்பவர் உள்ளிருந்துதானே தட்டுவார்? இங்கே அந்தத் தட்டு சுடும்போது கிடைக்கிறது. .308 வின்செஸ்டர் எனும் தோட்டா வகையில் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் அனுமதி. அதில் மென்மையான ஆழமில்லாத பள்ளம் தானாக நிமிர்ந்துவிடும். அதற்காகத் தனியாக மெனக்கெடுவது வீண் என்பதே என் கட்சி. பெரியவரோ அந்தக் கூடுகளைக் கூடத் தனி டப்பாவில் போட்டு, குறி பார்த்துப் பழக மட்டும் வைத்துக்கொள்வார். மானுக்கு எடுத்துப் போகமாட்டார்.

கூர்மையாக மடிந்த ஒடுக்கு, மடிப்பில் விரிசல், அடிப்பாகத்துக்குப் பக்கத்தில் நசுக்கல் இவற்றுக்கு மன்னிப்புக் கிடையாது. அடியை ஒட்டிச் சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அப்படியே. அங்கே சுவர் மெலிந்து கூடு இரண்டாகப் பிரியலாம். வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தால் சுவர் மெலிந்த இடத்தின் பள்ளம் கிளிப் நுனியில் தட்டும். தட்டினால் குறட்டால் வாயை நசுக்கி, பழைய பித்தளை போடும் வாளியில் போட்டுவிட வேண்டும். நசுக்காமல் போட்டால் யாராவது நல்லதென்று எடுத்துவிடுவார்கள்.