ஆறு இடத்துக் கணக்கு ஒரே திரைக்கு வந்த கதை: காரைக்குடி பலகாரக் கடை அனுபவம்

காரைக்குடியில் ஒரு பலகார நிறுவனத்தில் கணக்கையும் கணினியையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சீப்புச் சீடை, தேன்குழல், கைமுறுக்கு, மனகோலம், மாவுருண்டை, அதிரசம் என்று செட்டிநாட்டுப் பலகாரம் செய்து விற்கிற குடும்பத் தொழில். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கடை, சென்னையில் ஒரு கிளை, சொந்தமாக ஓர் இணையக் கடை, அமேசான் விற்பனை, அதுபோகக் கல்யாணச் சீர் ஆர்டர்கள். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள், வரவு செலவுக்கு டாலி, சீர் ஆர்டருக்கு எக்செல், வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஒரு நோட்டு என்று ஒவ்வொரு கணக்கும் ஒவ்வோர் இடத்தில் இருந்தது.

ஒரு தீபாவளிக்கு முன்னால் முதலாளி அண்ணன் கேட்டார்: "போன தீபாவளிக்குச் சீப்புச் சீடை மொத்தம் எத்தனை கிலோ போச்சு?" கடைப் பொறுப்பாளர் ஒரு கணக்குச் சொன்னார், டாலி பார்க்கிற கணக்கர் ஐயா வேறொன்று சொன்னார், அடுப்படியைக் கவனிக்கிற ஆச்சி மூன்றாவதாக ஒன்று சொன்னார். மூவரும் அவரவர் ஏட்டைப் பார்த்துச் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வருஷம் எவ்வளவு மாவு அரைக்க வேண்டும் என்று அதை வைத்து முடிவெடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கிற வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. எங்களைப் போன்ற சின்ன, நடுத்தர நிறுவனங்களில் இதே வேலையை ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

மென்பொருள் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபமான பகுதி. அலுவலகத்தில் சும்மா இருந்த ஒரு கணினியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், தரவை இழுத்துவரப் பைத்தான் நிரல்கள், படமாகப் பார்க்க மெட்டாபேஸ். மூன்றும் காசு கொடுக்காமல் கிடைப்பவை. இரவு கடை சாத்தியபின் எல்லா நிரலும் தானாக ஓடும். ஒரு விதியை மட்டும் ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டோம்: வந்த தரவை வந்தபடியே ஓர் அடுக்கில் போட்டு வைப்பது, அதில் யாரும் கை வைப்பதில்லை. சுத்தம் செய்வது இரண்டாம் அடுக்கில், அறிக்கைக்கு எடுப்பது மூன்றாம் அடுக்கில். எப்போது சந்தேகம் வந்தாலும் மூலத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம்.

டாலியிலிருந்து தரவு எடுப்பது பலர் நினைக்கிற அளவுக்குக் கடினம் இல்லை. நிறுவனக் கோப்பு டாலியில் திறந்திருக்க வேண்டும். 9000 என்ற போர்ட்டில் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற வாசல் எண் அது) எக்ஸ்.எம்.எல். வடிவில் கேட்டால் வவுச்சர்களை, அதாவது ஒவ்வொரு வரவு செலவுப் பதிவையும், கொடுக்கும். கவனிக்க வேண்டியது இரண்டு. பற்று வரிகள் கழித்தல் குறியோடு வரும், அதை அறியாமல் கூட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். அடுத்தது, ஒவ்வொரு வவுச்சரையும் திருத்தும்போதெல்லாம் அதன் ஆல்டர் ஐ.டி. என்கிற திருத்த எண் ஏறும். அதனால் கடைசியாக எடுத்த எண்ணுக்கு மேல் உள்ளதை மட்டும் கேட்டு வாங்கலாம். ஆனால் அழித்த வவுச்சர் இந்த வழியில் தெரியவே தெரியாது. அதற்காக வாரம் ஒருமுறை அந்த மாதம் முழுவதையும் மறுபடி இழுத்து ஒப்பிடுகிறோம்.

பில்லிங் மென்பொருள்தான் இழுத்தடித்தது. விற்ற நிறுவனம் தரவுத்தளக் கடவுச்சொல்லைத் தர மறுத்துவிட்டது. எங்கள் கடை விற்பனை விவரத்தை நாங்களே பார்க்க அனுமதி கேட்டு நிற்பது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை. சண்டை போட்டுப் பயனில்லை என்று, தினசரி விற்பனை அறிக்கையை சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஏற்றுமதி செய்து ஒரு ஃபோல்டரில் போடும்படி மூன்று கடைக்கும் சொல்லிவிட்டோம். அதிலும் ஒரு கண்டிப்பு உண்டு: கோப்பை எக்செலில் திறந்து சேமிக்கக் கூடாது. திறந்து சேமித்தால் 890 என்று தொடங்குகிற பார்கோடு எண்கள் 8.90E+12 என்பதுபோலச் சுருங்கிவிடும், தமிழ்ப் பெயர்கள் சிதைந்துவிடும்.

இனி பெயர்கள். மொத்த வேலையில் பெரும்பங்கு இதற்குத்தான் போனது. பழைய சரக்குப் பட்டியல் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழ், இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அதை மாற்றுநிரல் வைத்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். அதன் பிறகும் மனகோலம் இரண்டு வரியாகவே வந்துகொண்டிருந்தது. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி. எழுத்து எழுத்தாக உடைத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஒன்றில் 'கோ'வுக்கான குறி ஒரே குறியீடாக இருந்தது, இன்னொன்றில் இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாக இருந்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. கொ, கோ, கௌ வரிசையில் வருகிற எல்லாப் பெயருக்கும் இது நடக்கும். எல்லாத் தமிழ்ப் பெயர்களையும், இப்படிப் பிரிந்திருக்கிற குறியீடுகளை ஒன்றாக்குகிற என்.எஃப்.சி. முறைக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். தமிழில் தரவு வைத்திருக்கிற யாரும் இந்த ஒரு வரியைத் தங்கள் நிரலில் கட்டாயம் சேருங்கள்.

எந்தப் பெயரும் எந்தப் பெயரும் ஒரே சரக்கு என்று தீர்மானிக்கக் கணினி உதவவில்லை, ஆச்சிதான் உதவினார்கள். பட்டியலை அச்செடுத்து எடுத்துக்கொண்டு போய் அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்தேன். நான் வாசிக்க வாசிக்க ஆச்சி சொன்னார்கள், நான் எழுதிக்கொண்டேன். ஒரு இடத்தில் நிறுத்தி, "தம்பி, மகிழம்பூ முறுக்கும் தேன்குழலும் ஒண்ணு இல்ல. அதுக்குப் பாசிப்பருப்பு, இதுக்கு உளுந்து. மாவே வேற. சேர்த்து எழுதிராதே" என்றார்கள். பில்லிங்கில் இரண்டும் 'முறுக்கு' என்ற ஒரே தலைப்பில்தான் இருந்தன. அப்படியே விட்டிருந்தால் பருப்புக் கொள்முதல் கணக்கு கடைசிவரை சரிவந்திருக்காது. அந்தப் பட்டியலுக்கு இப்போது ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. ஆறு இடத்துப் பெயர்களும் அந்த எண்ணைத்தான் சுட்டும். புதுச் சரக்கு எதுவானாலும் முதலில் இங்கே எண் வாங்கிய பிறகுதான் பில்லுக்குப் போகும்.

அளவும் இதே மாதிரிதான். கடையில் 200 கிராம், 500 கிராம் பாக்கெட். சீர் ஆர்டரில் அதிரசமும் கைமுறுக்கும் 51, 101 என்று எண்ணிக்கை. ஐந்து சுற்றுக் கைமுறுக்கின் எடை வேறு, ஏழு சுற்றின் எடை வேறு. தராசில் வைத்து நிறுத்துச் சராசரி எடையைக் குறித்து, எல்லாவற்றையும் கிலோவுக்குக் கொண்டுவந்தோம்.

வாடிக்கையாளர் பெயரைச் சேர்ப்பதில் செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற ஊர் இது. ஒரே பட்டியலில் எத்தனை மெய்யப்பன், எத்தனை வள்ளியம்மை! பெயரை வைத்து ஒப்பிட்டுச் சேர்க்கிற தானியங்கி முறைகள் இங்கே நாலு குடும்பத்தை ஒரே ஆளாக்கிவிடும். நாங்கள் தொலைபேசி எண்ணை முதல் அடையாளமாகவும், வீட்டு விலாசம் என்று சொல்கிற தலைப்பெழுத்துகளையும் ஊரையும் இரண்டாவது அடையாளமாகவும் வைத்தோம். எண்களிலும் 91, முன்னால் பூச்சியம், மலேசியாவின் 60, சிங்கப்பூரின் 65 என்று பலவிதம். எல்லாவற்றையும் நாட்டுக் குறியீட்டோடு ஒரே வடிவாக்கிய பிறகுதான் ஒப்பிட முடிந்தது. தொலைபேசி எண் எந்த அறிக்கையிலும் தெரியாது, தரவுத்தளத்தோடு சரி. அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்த எண் அது.

வெளிநாட்டு ஆர்டரைப் பற்றிச் சொல்லும்போது நேரத்தையும் சொல்ல வேண்டும். இணைய விற்பனைத் தரவு எங்களுக்கு யூ.டி.சி. என்கிற உலகப் பொது நேரத்தில் வருகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அதாவது இங்கே விடிகாலை 5.30க்கு முன் வந்த ஆர்டர் முந்தைய நாள் கணக்கில் விழும். கோலாலம்பூரில் காலை ஏழு மணிக்கு ஒருவர் ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் பலகாரம் அனுப்பச் சொன்னால் இங்கே மணி நாலரை. எங்களுக்கு அப்படி வருகிற ஆர்டர் நிறைய. நேரத்தைத் திருத்தியதும் நாள்வாரிக் கணக்கு டாலியோடு ஒட்டி வந்தது.

அப்புறம், எதை விற்பனை என்று எடுப்பது? கணக்கர் ஐயாவோடு உட்கார்ந்து பேசி ஒவ்வொன்றாக முடிவு செய்தோம். காரைக்குடியிலிருந்து சென்னைக் கிளைக்குப் போகிற சரக்கு பில்லிங்கில் விற்பனையாகவே பதிவாகி இருந்தது. ஒரே மாநிலம், ஒரே ஜி.எஸ்.டி. எண் என்பதால் அது சரக்கு இடமாற்றம்தான். அங்கே விற்கும்போது மறுபடி ஒருமுறை கணக்கில் வரும். தீபாவளி அளவு ஆளுக்கொன்றாகத் தெரிந்ததற்கு இதுவே பெரிய காரணம். சீர் ஆர்டரில் முன்பணம் ஆவணியில் வரும், பலகாரம் ஐப்பசியில் போகும். அதற்கு அனுப்பிய நாள்தான் கணக்கு என்று வைத்தோம். அமேசானிலிருந்து வங்கிக்கு வருவது கமிஷனும், 0.5 சதவீத டி.சி.எஸ். (விற்பனைத் தளமே பிடித்துக் கட்டுகிற வரி) போன்ற பிடித்தங்களும் போக மிச்சம். அதை விற்பனையாக எடுக்காமல் ஆர்டர் அறிக்கையில் இருக்கிற வரி நீங்கிய விலையை எடுத்தோம்.

வரி நீங்கிய விலை என்பது 2025இல் மிகவும் கைகொடுத்தது. செப்டம்பர் 22 முதல் பாக்கெட்டில் அடைத்த கார வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தீபாவளி அக்டோபர் 20, சரியாக நாலு வாரம் முன்னால். பில் தொகையை வைத்துப் பார்த்தால் விலைக் குறைப்பே விற்பனைக் குறைவு போலத் தெரிந்திருக்கும். கிலோவையும் வரி நீங்கிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் குழப்பம் இல்லை.

கணக்கர் ஐயாவுக்கு இந்த வேலை ஆரம்பத்தில் பிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அவரே அந்தக் காலத்துச் செட்டியார் கடைகளைப் பற்றிச் சொன்னார்: "ரங்கூன் கடை, மலேயாக் கடை, கொழும்புக் கடைக் கணக்கெல்லாம் கப்பலேறி இந்த ஊருக்குத்தான் தம்பி வந்தது. ஏஜெண்டு அனுப்புற ஐந்தொகையை வச்சு இங்க உட்கார்ந்து பார்த்தாங்க. எல்லாக் கடையும் ஒரே தலைப்புல எழுதினாத்தான் அது நடக்கும்." அவர் கொடுத்த தலைப்புகளைத்தான் செலவு வகைகளுக்கு அப்படியே வைத்தேன். நல்ல கணக்கர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையை யாரும் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சேர்ந்த கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? மாதா மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்கிற ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்கிற விற்பனை விவர அறிக்கை இருக்கிறதே, அதன் தொகையும் எங்கள் தரவுத்தளத் தொகையும் ஒட்ட வேண்டும். ஒட்டாத வரிகள் தனிப் பக்கத்தில் சிவப்பாக வரும். அந்தப் பக்கம் காலியாகும்வரை வேறு எந்தப் படத்தையும் முதலாளிக்குக் காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒருமுறை தப்பான எண்ணைப் பார்த்துவிட்டால் அப்புறம் சரியான எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

படம் போடுகிற கட்டத்தில் நான் மிகவும் ரசித்துச் செய்தது நாட்காட்டி அட்டவணை. மாதவாரி ஒப்பீடு எங்கள் தொழிலுக்குச் சரிப்படவே இல்லை. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் ஒரு வருஷம் ஆகா ஓகோ, நவம்பரில் படுவீழ்ச்சி. இரண்டும் பொய். அதனால் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே தமிழ் மாதம், முகூர்த்த நாளா, தீபாவளிக்கு எத்தனை நாள், பொங்கலுக்கு எத்தனை நாள், கார்த்திகைத் தீபத்திலிருந்து எண்ணி வருகிற பிள்ளையார் நோன்புக்கு எத்தனை நாள் என்று நிரப்பினோம். கோட்டுப் படத்தின் அடியில் தேதிக்குப் பதில் 'தீபாவளிக்கு முன் 20 நாள், 19 நாள்' என்று வைத்ததும் மூன்று வருஷக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. எந்த நாளில் சீப்புச் சீடை ஏறத் தொடங்குகிறது, எந்த நாளில் அதிரசம் அதைத் தாண்டுகிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆடியும் மார்கழியும் சீர் ஆர்டரில் ஏன் பள்ளமாக இருக்கின்றன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மற்றபடி படங்களைக் குறைத்தே வைத்தோம். முதலாளி அண்ணனுக்குக் கடைவாரி, சரக்குவாரி ஒரு பக்கம், தொகை எல்லாம் லட்சக் கணக்கில். கடைப் பொறுப்பாளர்களுக்கு இருப்பும் தேதி முடியப்போகிற பாக்கெட்டும். ஆச்சிக்கு ஒரே ஒரு பட்டியல்: நாளைக்கு எந்தப் பலகாரம் எத்தனை கிலோ. அதைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்செடுத்துக் காலையில் அடுப்படியில் ஒட்டுகிறோம். அந்த அளவு கடந்த விற்பனை, கையிருப்பு, அனுப்ப வேண்டிய சீர் ஆர்டர் மூன்றையும் வைத்து வருவது. ஆச்சி அதைப் பார்த்துவிட்டு மழை, முகூர்த்தம் எல்லாம் யோசித்துப் பேனாவால் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தையும் நாங்கள் பதிவு செய்கிறோம்.

எல்லாம் சேர்ந்ததும் முதலில் வெளியே தெரிந்தது கைமுறுக்கு. கடையில் நன்றாகப் போகிற சரக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். உடைந்து திரும்பி வருவது தேவகோட்டைக் கடையில் தனி நோட்டில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. விற்பனைக்குப் பக்கத்தில் அதை வைத்தபோது பாக்கெட்டில் அனுப்புவது கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்தது. இப்போது கைமுறுக்கு தட்டு வைத்த அட்டைப் பெட்டியில்தான் போகிறது, உடைசல் நன்றாகக் குறைந்திருக்கிறது.

இன்னும் சேராமல் இருப்பது சுற்று ஊர்களில் வீட்டிலிருந்து பலகாரம் செய்து தருகிற பெண்களின் நோட்டுகள். அவர்களுக்கு மாவு கொடுத்தது, பலகாரம் வாங்கியது, கூலி கொடுத்தது எல்லாம் அவர்கள் கையெழுத்தில் இருக்கின்றன. அந்த நோட்டை எடுத்துவிட்டு ஆளுக்கொரு செயலியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கூலியில் சந்தேகம் வந்தால் அவர்கள் எடுத்துக் காட்டுவது அதைத்தான். சரக்கு எடுக்கப் போகிற வண்டிக்காரர் நோட்டின் அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப, அலுவலகத்தில் ஒருவர் பார்த்துப் பதிவது என்று கண்டனூர்ப் பக்கத்தில் தொடங்கியிருக்கிறோம். சரக்கு எண்ணும் எடையும் மேலே சொன்ன அதே பட்டியல்தான்.