ஒரு நாள் நாடு

எஸ்டோனியத் தலைநகர் தாலினில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். மென்பொருள் ரிலீஸ் அட்டவணை போடுவது என் பொறுப்பு. வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறாரே என்று பிப்ரவரி 24-இல் ஒன்றை வைத்துவிட்டேன். அன்று எஸ்டோனியாவின் சுதந்திர தினம். விடுமுறைப் பட்டியலைப் பார்க்காதது என் தப்பு. அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஒரு நாள்தானே, இரண்டு பேர் வந்தால் போதும்" என்று வேறு சொன்னேன்.

டெஸ்டிங் குழுவின் மூத்த பெண்மணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எங்கள் நாடே முதலில் ஒரு நாள்தான் இருந்தது."

மதியம் சாப்பிடும்போதுதான் விளக்கினார். முதல் உலகப் போர்க் காலம்; எஸ்டோனியா ரஷ்யாவின் கையில். 1918 பிப்ரவரியில் ரஷ்யாவுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த பிரெஸ்ட் லிதோவ்ஸ்க் சமாதானப் பேச்சுவார்த்தை முறிந்ததும் ஜெர்மன் படை மறுபடி கிழக்கே நகர்கிறது. ரஷ்யாவில் ஆட்சியைப் பிடித்திருந்த போல்ஷெவிக்குகள் தாலினைக் காலி செய்கிறார்கள். ஒருவன் கிளம்பி, அடுத்தவன் வந்து சேராத அந்த இடைவெளியில்தான் எஸ்டோனியத் தலைவர்கள் பாட்ஸ், வில்ம்ஸ், கோனிக் மூவரும் 24-ஆம் தேதி அங்கே குடியரசை அறிவித்தார்கள். மறுநாளே ஜெர்மன்காரர்கள் ஊருக்குள். புதுக் குடியரசை அவர்கள் மதிக்கவே இல்லை. பாட்ஸைப் பிறகு கைது செய்து முகாமில் அடைத்தார்கள். தார்த்து பல்கலைக்கழகத்தை ஜெர்மன் மொழியில் நடத்தினார்கள். நவம்பரில் ஜெர்மனி போரில் தோற்ற பிறகுதான் எஸ்டோனியர்களின் தற்காலிக அரசு நாற்காலியில் உட்கார முடிந்தது. சரி, இனி நிம்மதி என்று பார்த்தால், அந்த மாதக் கடைசியிலேயே கிழக்கு எல்லையில் நார்வா பக்கம் போல்ஷெவிக்குகளின் செஞ்சேனை!

அந்தப் போரின் ஜெர்மன்காரன் என்றால் எனக்குத் தெரிந்தது எம்டன் மட்டும்தான். 1914-இல் ஓர் இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்ட கப்பல். இங்கே வந்தவர்கள் எட்டு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கிறார்கள்.

கோடையில் அலுவலகச் சுற்றுலாவாக பார்னு போனோம். தாலினுக்கு ஒரு நாள் முன்பே, 23-ஆம் தேதி மாலை, சுதந்திரப் பிரகடனத்தை வாசித்த ஊர் அது. வாசித்தது எண்ட்லா நாடக அரங்கின் பால்கனியில். அந்தக் கட்டடம் இன்று இல்லை. சதுக்கத்தில் பால்கனியின் வடிவத்தை மட்டும் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். பின்னால் வீடில்லாத பால்கனி. எல்லோரும் ஐஸ்கிரீம் வாங்கப் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.

அடுத்த ஆண்டு அட்டவணையில் 24-ஐ முதல் வேலையாக அடைத்தேன். யாரும் கேட்காமலே 25-ஐயும் காலியாக விட்டேன். விடுமுறைக்கு முந்தைய நாள், ரை ரொட்டியில் குட்டிக் கிலு மீனும் முட்டையும் வைத்து எடுத்துவந்த அதே பெண்மணி என் திரையை எட்டிப் பார்த்தார்.

"25 எதற்குக் காலி? அது வேலை நாள். ரிலீஸை அன்றைக்கு வையுங்கள்."