எங்கள் வீதியின் மட்டம்

1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் எங்கள் ஓலை வீடு போன பிறகு, அப்பா இரண்டு வருடம் சேர்த்த காசில் கல்வீடு கட்டினார். அத்திவாரம் போடும்போது மேசனிடம் அவர் வைத்த ஒரே நிபந்தனை, மாரியில் எவ்வளவு மழை பெய்தாலும் வளவுத் தண்ணீர் தானாக வீதிக்கு இறங்க வேண்டும் என்பதாம். அதன்படி வளவு வீதியைவிட ஒரு சாண் உயரமாகவும், விறாந்தை வளவைவிட இரண்டு படி உயரமாகவும் அமைந்தன. நாற்பது வருடங்களுக்கு மேலாக மழைத்தண்ணீர் அந்தக் கணக்குப்படியே ஓடியது. இன்று எங்கள் படலையிலிருந்து வீதிக்குப் போவதற்கு ஏற வேண்டியிருக்கிறது. எழுபத்தொன்பது வயதான அம்மா ஒரு கையால் படலைத் தூணைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலுள்ள ஊன்றுகோலைக் காபட்டின் (வீதிமேல் போட்ட தார்க்கலவைப் படையின்) விளிம்பில் ஊன்றி ஏறுவதைப் பார்த்த உறவினர் ஒருவர், மண் இளகி வீடு பதிந்துவிட்டதா என்று கேட்டார். "வீடு பதியல்ல மனே, றோட்டுத்தான் உசந்து போச்சு" என்றார் அம்மா. நான் இங்கே எழுத வந்தது அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் மட்டக்களப்பின் எழுவான்கரையில், கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருக்கிறது. எங்கள் வீதி ஏ4 பிரதான வீதியிலிருந்து பிரிந்து வாவிக்கரை வரை போகிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான அந்த வாவிதான் இந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றின் மழைத்தண்ணீருக்குப் போக்கிடம். வாவி நிரம்பி முட்டினால் முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு விடுவார்கள். மணல் நிலம் என்பதால் முதல் மழைகளை நிலமே குடித்துவிடும். கார்த்திகை பிறந்து நிலத்தடி நீர் மேலே வந்த பிறகு, விழுகின்ற ஒவ்வொரு துளியும் மேலால்தான் ஓடியாக வேண்டும். எங்கள் பழைய தார் வீதி குண்டும் குழியுமாக இருந்தாலும் இருபுறத்து வளவுகளையும்விடத் தாழ்வாக இருந்ததால், மாரி காலத்தில் அதுவே எங்கள் வடிகானாகவும் இருந்தது. சிறுவயதில் நாங்கள் படலையில் விட்ட காகிதக் கப்பல்கள் வாவிவரை போனது அந்த வீதியில்தான்.

நல்ல வீதி வேண்டாம் என்று சொல்பவன் நானல்லன். 1924இல் கட்டப்பட்ட கல்லடிப் பாலத்தின் ஒரு முனையில் நின்று, எதிர்ப்பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவன். 2013இல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டபோதும், அடுத்த வருடம் மண்முனையில் பாலம் வந்து, பாதை எனப்படும் மிதவைக்காகக் காத்திருந்த, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை மக்கள் நேரே நகருக்கு வரத் தொடங்கியபோதும் எல்லோரையும்போல நானும் மகிழ்ந்தேன். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்றிய ஓட்டோ குழிகளில் விழுந்து எழுந்து போனதைப் பார்த்தவர்களுக்குக் காபட் வீதி என்பது ஆடம்பரம் அன்று.

2021இன் இறுதியில் எங்கள் வீதிக்கும் அறிவித்தல் பலகை நட்டார்கள். பெக்கோ வந்து ஓரங்களைத் தோண்டியது, டிப்பர்கள் கிரவலைக் கொட்டின, ரோலர் இரண்டு வாரம் உருண்டது. பிறகு நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. டீசலுக்கு வரிசை, தாருக்குத் தட்டுப்பாடு, ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் இல்லை. நாடெங்கும் வீதி வேலைகள் பாதியில் நின்றன, எங்களுடையதும் நின்றது. அதற்காக நான் ஒருவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கிரவல் வீதியோடு ஒன்றரை வருடத்துக்கு மேல் வாழ்ந்ததைச் சொல்லாமலும் விட முடியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் செம்புழுதி எழும்பி வேலியில் நின்ற பூவரசு இலைகள் எல்லாம் செங்கல் நிறமாகின. பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைத் துவைத்து வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டிக் காயவைப்பார். மூலையில் அப்பம் சுட்டு விற்ற பெண், கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் புழுதி போகிறது என்று சனங்கள் வாங்காமல் விட்டதால் அடுப்பை மூடினார். இன்றுவரை அவர் மறுபடி அதை மூட்டவில்லை.

வேலை மறுபடி தொடங்கியபோது ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அந்த நிம்மதியில் நாங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பழைய தார்ப் படையைச் சுரண்டி எடுக்காமல், அதன்மேல் கிடந்த கிரவலையும் எடுக்காமல், எல்லாவற்றுக்கும் மேலே கருங்கல் கலவையைப் பரப்பி இறுக்கி, அதற்கும் மேலே காபட்டைப் போட்டார்கள். வேலைத்தலத்தில் நின்ற இளம் பொறியியலாளரிடம் ஏன் இவ்வளவு உயர்த்துகிறீர்கள் என்று நான் கேட்டபோது, அவர் மரியாதையோடு விளக்கினார். இந்த மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்பதாகவும், வீதியின் அடிப்படைக்குள் தண்ணீர் ஏறினால் மேலே என்ன போட்டாலும் இரண்டு மாரியில் உடைந்துவிடும் என்பதாலேயே உயர்த்துவதாகவும் சொன்னார். அவர் சொன்னது சரியே. தண்ணீர் தேங்கும் வீதி நிலைக்காது. ஆனால் வீதியிலிருந்து விலக்கப்படும் தண்ணீர் எங்கே போகும் என்று நான் கேட்டதற்கு, வடிகான் மதிப்பீட்டில் இருப்பதாகவும் இரண்டாம் கட்டத்தில் வரும் என்றும் சொல்லிவிட்டு, தொலைபேசி அழைப்பு வந்து போய்விட்டார்.

2024 நவம்பர் கடைசி வாரத்தில் கிழக்கு முழுவதும் கொட்டிய மழை எங்கள் புதிய வீதிக்கு முதல் மாரி. அந்த வாரத்தில் ஓர் இரவு இரண்டு மணிபோல் அம்மா கூப்பிட்டார். குசினி வளவு மட்டத்தில் கட்டப்பட்டது. உள்ளே கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அரிசி வாளி மிதந்து போய்க் கதவில் இடித்துக்கொண்டிருந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு படலைக்குப் போனேன். வீதி ஈரமாக, ஆனால் தண்ணீர் இல்லாமல், மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் எங்கள் வளவுக்குள் அமைதியாக வழிந்து இறங்கியது. ஐந்து நாள் அந்தத் தண்ணீர் போகவில்லை. கிணற்றுக்கட்டின் அடிவரை ஏறியது, மலசலகூடக் குழி நிரம்பியது. நாங்கள் பக்கத்துத் தெருவிலுள்ள சித்தி வீட்டுக்குப் போய்க் குளித்தோம். வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றை இறைக்கச் சொல்லிக் குளோரின் போட்டார். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதற்கு அம்மாவின் மனம் இன்னும் இடம் கொடுக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வீதி 6 மீற்றர் அகலம். எங்கள் பகுதி 500 மீற்றர் நீளம். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் காபட்டின்மேல் மட்டும் விழும் தண்ணீர் மூன்று இலட்சம் லீற்றர். வீட்டுக் கூரையில் வைக்கும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கிகள் முந்நூறு நிரம்பும் அளவு அது. காபட் ஒரு துளியையும் குடிக்காது. தண்ணீர் நிற்காமல் ஓடட்டும் என்று வீதியின் நடுவை உயர்த்தி இருபுறமும் சரிவு கொடுத்திருப்பதால், அத்தனையும் இரண்டாகப் பிரிந்து வளவுகளுக்குத்தான் வர வேண்டும். வளவில் முதலே நிற்கும் தண்ணீருக்கோ வெளியேற வழியில்லை. படுவான்கரையில் வயல் செய்யும் எவரிடம் கேட்டாலும் இதை ஒரு வசனத்தில் சொல்லிவிடுவார்: வரம்பு கட்டினால் வக்கடை, அதாவது தண்ணீர் போக வாய், வைக்க வேண்டும். எங்களுக்கு அரைக் கிலோமீற்றர் நீளத்தில் வரம்பு கட்டித் தந்தார்கள், ஒரு வக்கடையும் வைக்கவில்லை.

இதைவிட என்னை வருத்தியது அடுத்து நடந்தது. வசதியுள்ளவர்கள் மழை விட்டதும் டிப்பரில் மண் இறக்கி வளவை உயர்த்தத் தொடங்கினார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியாது; நானும் பின்வளவுக்கு இரண்டு லோட் மண் இறக்கினேன். ஆனால் உயர்த்திய ஒவ்வொரு வளவின் தண்ணீரும் உயர்த்த முடியாத வளவுக்கே போகிறது. எங்களுக்கு அடுத்த மூன்றாவது வீட்டில் இருப்பவர் இடியப்பம் அவித்துக் கொடுத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் பெண். இந்த வருடத் தை மாதம் பெய்த மழையில், நாங்கள் மண் போட்ட பக்கத்து மூலையால் தண்ணீர் அவருடைய அடுப்படிக்குப் போனதை அவர் எனக்குச் சொல்லவில்லை, அவருடைய மகள்தான் சொன்னாள். பல தலைமுறையாக ஒருவருக்கொருவர் கறி கொடுத்து வாங்கிய வீடுகள் இப்போது வேலியடியில் நின்று தண்ணீருக்காக வாய்த்தர்க்கப்படுகின்றன.

வீதியை அகலமாக்க ஒருவருடைய காணியில் ஓர் அடி எடுப்பதானால், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ் அறிவித்தல் ஒட்ட வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். அதே வீதி மேல்நோக்கி ஓர் அடிக்கு மேல் வளர்ந்தபோது எங்கள் எவருடைய படலைக்கும் ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. எடுக்கப்பட்டது காணி இல்லை என்றாலும், அந்தக் காணியில் மாரி காலத்தில் குடியிருக்கும் வசதி எடுக்கப்பட்டிருக்கிறது.

மாசி மாதத்தில் அயலிலுள்ள மேசன் மாமாவைக் கூட்டி வந்தோம். அவரிடம் பெரிய கருவி எதுவுமில்லை. கட்டட வேலைக்கு மட்டம் பார்க்கும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நீண்ட குழாய் ஒன்று, உள்ளே சாயம் கலந்த தண்ணீர். ஒரு முனையை நான் வீதியின் நடுவில் பிடித்தேன், மறு முனையை அவர் எங்கள் வளவில் நட்ட தடியோடு சேர்த்துப் பிடித்தார். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும் என்று விரலால் தட்டித் தட்டி அவற்றை வெளியேற்றினார். தண்ணீர் ஆடி ஆடி அடங்கியதும் தடியில் பென்சிலால் கோடு போட்டு நாடாவால் அளந்தார்: வளவைவிட வீதி 31 சென்ரிமீற்றர் உயரம். வீதியைவிட விறாந்தைக்கு மிஞ்சிய உயரம் 14 சென்ரிமீற்றர்தான். அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அளவைக் கேட்டதும் அப்பாவின் பெயரைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தார். அன்று மாலைக்குள் இருபத்திரண்டு வீடுகளை அளந்து, ஒவ்வொரு மதிலிலும் வீதி மட்டத்தைச் சோக்கால் கோடிட்டு வைத்தோம்.

அந்த அளவுகளோடு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வீதி வேலைக்குப் பொறுப்பான அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, எங்கள் வீதியின் வரைபடத்தையும் வடிகானுக்கான மதிப்பீட்டையும் கேட்டேன். விண்ணப்பத்தை ஏற்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அது பின்பற்றப்பட்டது. கிடைத்த பக்கங்களில் வீதியின் இருபுறமும் மூடிய வடிகான் வரையப்பட்டிருந்தது. வேலை இடைநின்று விலைகள் ஏறிய பிறகு திருத்திய மதிப்பீட்டில், அந்த வரிக்கு நேரே கோடு இழுக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது கோபத்தைவிட எனக்குத் துக்கமே வந்தது, ஏனென்றால் பணம் குறைந்த மேசையில் எதை வெட்டுவது என்று பேசியபோது அங்கே எங்கள் வீதியில் குடியிருக்கும் ஒருவராவது இருந்திருந்தால், காபட்டின் நீளத்தில் நூறு மீற்றரை விட்டாவது வடிகானைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டிருப்போம்.

இருபத்திரண்டு வீட்டாரும் கையொப்பமிட்ட கடிதத்தோடு அந்த அலுவலகத்துக்குப் போனோம். இரண்டாம் தடவை போனபோது மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து சோக்குக் கோடுகளைப் பார்த்தார். காபட் போடாமல் மீதியிருந்த வாவிக்கரைப் பக்கத்துத் துண்டில், பழைய படையைச் சுரண்டி எடுத்துவிட்டே வேலை செய்தார்கள். அங்கே வளவுக்கும் வீதிக்கும் நான்கு விரலளவு வித்தியாசம்தான். எங்கள் பகுதிக்கு ஒரு பக்கத்தில் மட்டும் திறந்த வடிகான் வெட்டி, இரண்டு இடத்தில் வீதிக்குக் குறுக்கே குழாய் போட்டு வாவிக்கு விடுவதாக எழுத்தில் தந்திருக்கிறார்கள். ஒரு குழாய் புரட்டாதி பிறக்குமுன் புதைத்தாகிவிட்டது. மற்றது இடியப்பக்கார அக்காவின் வீட்டுக்கு நேரே வர வேண்டியது, கொங்கிரீட் உருளைகள் வந்து அவருடைய வேலியோரமாகக் கிடக்கின்றன. அம்மாவுக்காகப் படலையடியில் கைபிடியோடு சரிவு ஒன்று கட்டச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அடுத்த ஒழுங்கையில் கொங்கிரீட் வீதிக்கான அறிவித்தல் பலகை நட்டிருப்பதாகச் சொன்னார்கள். பழைய கிரவலின் மேலேயே கொங்கிரீட் வார்ப்பதற்கான பலகை அடிக்கிறார்களாம். வருகிற சனிக்கிழமை காலையில் மேசன் மாமா குழாயோடு அங்கே வருகிறார். அந்த ஒழுங்கைக்காரர்கள் வீட்டுக்கு ஒருவராவது வந்தால் பகலுக்குள் அளந்து முடித்துவிடலாம்.